ஷட்டர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம்: நாடுகள் ஆற்றைப் பங்கிடும் அரசியல்

குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "சார், ஆற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் நாடு நினைத்தால் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்றால் ஒப்பந்தமெல்லாம் எதற்கு? சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தபிறகு பாகிஸ்தானுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாது என்கிறார்களே, அது நடக்குமா? எங்கள் ஊர் நெய்யாறு இடதுகரை சானலில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மேலே இருப்பவர் வைத்ததுதான் சட்டமா?"

தம்பி, உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உலகத்தில் ஆற்றைப் பங்கிடுவதில் வந்த பெரிய சண்டைகள் பலவற்றின் வேர் அந்த சானலுக்குள்ளேயே கிடக்கிறது.

நெய்யாறு அணை திட்டமிடப்பட்டபோது விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தது. அணையும் கால்வாயும் வயலும் ஒரே ஆட்சியின் கீழ். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. மொழிக்காக மக்கள் போராடிப் பெற்ற நியாயமான கோடு அது. ஆனால் கோடு போட்டபோது நெய்யாற்றின் ஷட்டர் கேரளப் பக்கம் நின்றுவிட்டது, இடதுகரை சானலை நம்பிய 9,200 ஏக்கர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004இல் நின்றது. நெய்யாறு முழுக்க எங்கள் மாநிலத்து ஆறு, இரு மாநில ஆறே இல்லை என்பது கேரளத்தின் வாதம். 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீங்கள் தண்ணீரைப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

இதே கதையைப் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரிதாக்கினால் 1947இன் பஞ்சாப் கிடைக்கும். பிரிவினையில் ராட்கிளிஃப் போட்ட எல்லைக் கோட்டில் மாதோபூர், ஃபெரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியாவுக்கு வந்தன. அங்கிருந்து கிளம்பும் கால்வாய்களின் வயல்களில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. இருக்கிற ஏற்பாடு அப்படியே தொடரட்டும் என்று போட்ட தற்காலிக உடன்பாடு 1948 மார்ச் 31ஆம் தேதி முடிந்தது. மறுநாளே இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அரசு தண்ணீரை நிறுத்தியது. கோதுமை அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு நிலம் காத்திருக்கும் நேரம். மே 4ஆம் தேதி டெல்லியில் ஓர் உடன்பாடு செய்து தண்ணீர் திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு மாதத்தை பாகிஸ்தான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த நாட்டின் தண்ணீர் பயம் முழுவதும் அந்த ஏப்ரலில் பிறந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது சிந்து ஒப்பந்தம். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை நடத்திய டேவிட் லிலியந்தால் 1951இல் இங்கே வந்துபோய் ஒரு யோசனை எழுதினார்: அரசியலைத் தள்ளிவைத்து இரு நாட்டுப் பொறியாளர்களை உட்காரவையுங்கள், உலக வங்கி நடுவில் இருக்கட்டும். ஆறு முழுவதையும் ஒன்றாக நிர்வகிக்கலாம் என்பது அவர் ஆசை. அது நடக்கவில்லை. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி சேர்ந்து பயிர் செய்ய ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுவில் வரப்பு போட்டுவிடுவோம் இல்லையா, அதைத்தான் செய்தார்கள். ராவி, பியாஸ், சட்லஜ் மூன்றும் இந்தியாவுக்கு. மேற்கு ஆறுகளான சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. 1960 செப்டம்பர் 19ஆம் தேதி கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கி சார்பில் இலிஃப் கையெழுத்திட்டார். பாகிஸ்தான் தன் கால்வாய்களுக்கு மேற்கு ஆறுகளிலிருந்து மாற்று வழி வெட்டிக்கொள்ள இந்தியா சுமார் 6.2 கோடி பவுண்டு பத்துத் தவணையில் கொடுத்தது. 1965, 1971, 1999 சண்டைகளிலும் இது பிழைத்தது.

2025 ஏப்ரல் 22ஆம் தேதி காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைப் பயங்கரவாதிகள் கொன்றார்கள். மறுநாள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. அந்தக் கொலைகளின் கொடுமையில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நீங்கள் கேட்டது தண்ணீரைப் பற்றி, அதனால் கணக்குக்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தின்படி மேற்கு ஆறுகளில் ஓடும் நீர் சராசரியாக ஆண்டுக்கு 13.5 கோடி ஏக்கர் அடி. நமக்குப் பழகிய அளவில் 5,880 டிஎம்சி. மேட்டூர் அணை 93.47 டிஎம்சி. ஆக அறுபது மேட்டூருக்கு மேல் தேக்கினால்தான் "ஒரு சொட்டும் போகாது" என்பது நடக்கும். அந்த ஆறுகளில் இந்தியா தேக்கிக்கொள்ள ஒப்பந்தம் அனுமதித்ததே 36 லட்சம் ஏக்கர் அடி, அதாவது ஒன்றரை மேட்டூருக்குக் கொஞ்சம் அதிகம். அதைக்கூட முழுதாகக் கட்டவில்லை. இருப்பதெல்லாம் ஓடுகிற தண்ணீரில் டர்பைனைச் சுற்றவைத்துக் கீழே விட்டுவிடும் மின்நிலையங்கள். இமயமலையில் பனி உருகி ஜூன், ஜூலையில் வருகிற வெள்ளத்தை அவை தடுக்க முடியாது. தடுத்தால் முதலில் மூழ்குவது காஷ்மீர்தான்.

அப்படியானால் நிறுத்தி வைத்ததால் ஒன்றும் ஆகாதா என்றால், ஆகும். எப்போது, எவ்வளவு, எப்படி என்கிற மூன்றும் கைக்கு வந்துவிடுகின்றன. மின்நிலையத் தேக்கத்தில் வண்டல் கழுவ எந்த மாதம் ஷட்டர் திறப்பது என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. இப்போது அது இல்லை என்று இந்தியா எடுத்துக்கொள்ளலாம். விதைப்பு நேரத்தில் செனாப்பில் நாலு நாள் தண்ணீர் குறைந்து, ஐந்தாம் நாள் ஒரேயடியாக வந்தால் போதும், கீழே இருக்கும் விவசாயிக்கு அந்தப் போகம் தடுமாறும். நம் ஊரில் கன்னிப்பூ (முதல் போகம்) நாற்று நட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரின் மொத்த அளவு மாறாது, அது வரும் நாள் மாறும். பயிருக்கு நாள்தான் முக்கியம். இதைவிடப் பெரியது தகவல். ஆற்றின் அளவுகளையும் புதுத் திட்டங்களின் விவரங்களையும் இரு நாட்டு ஆணையர்களும் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் நின்றுபோனது.

இதைக் கேட்டு, "சரி, மேலே இருப்பவர்தான் எஜமான்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நைல் நதிக்குப் போய்ப் பார்க்கலாம்.

எகிப்து கட்டக் கடைசி நாடு. நைலின் கடைவரம்பு. எகிப்துக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை. நம் தர்க்கப்படி எத்தியோப்பியா சொன்னதுதான் சட்டமாக இருக்க வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக எகிப்து சொன்னதுதான் சட்டம். 1929இல் பிரிட்டன் தன் கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளின் சார்பில் எகிப்தோடு ஓர் உடன்பாடு போட்டது. நைலிலோ அதன் கிளைகளிலோ எகிப்தைக் கேட்காமல் எதுவும் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். 1959இல் எகிப்தும் சூடானும் உட்கார்ந்து ஆற்றில் வரும் 8,400 கோடி கன மீட்டரையும் பங்கு போட்டுக்கொண்டன. எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, மீதி அஸ்வான் தேக்கத்தில் ஆவியாகிப்போகும் கணக்கு. எத்தியோப்பியாவுக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. கூப்பிடவே இல்லை.

எகிப்துக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? படை இருந்தது. சூயஸ் கால்வாய் இருந்தது. பிரிட்டன் பின்னால் நின்றது, பிறகு வல்லரசுகள் மாறி மாறி நின்றன. அஸ்வான் உயர் அணை என்ற பெரிய கொள்கலன் அதன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தியோப்பியாவிடம் காசு இல்லை. கீழே இருக்கும் நாடு ஆட்சேபித்தால் உலக வங்கி போன்ற இடங்களில் அணைக்குக் கடன் கிடைப்பது கடினம். ஆகவே மழை அத்தனையும் தன் மலையில் பெய்தும், ஷட்டர் போடக் காசில்லாத நாடு மேலே இருந்து என்ன பயன்?

2011 ஏப்ரலில் எத்தியோப்பியா நீல நைலின் மேல் பெரிய அணைக்கு அடிக்கல் நாட்டியது. வெளிக்கடனை நம்பாமல் சொந்த மக்களிடம் பத்திரம் விற்றார்கள். அரசு ஊழியர்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பினார்கள். எகிப்து எதிர்த்தது. 2015இல் கார்ட்டூமில் எகிப்து, சூடான், எத்தியோப்பியா மூன்றும் ஒரு கோட்பாட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2020இல் வாஷிங்டனில் பேசி ஒத்துவராமல் எத்தியோப்பியா விலகியது. அந்த ஜூலையிலேயே தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். 2025 செப்டம்பர் 9ஆம் தேதி திறப்புவிழா நடந்தது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். மேட்டூர் கணக்கில் சொன்னால் 28 மேட்டூர். மின்சாரம் 5,150 மெகாவாட். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்க, கான்கிரீட் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. பேச்சு முடிவதற்குள் அணை முடிந்துவிட்டது.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இருக்கிறது. தண்ணீர் அரசியலில் பெரிய ஆயுதம் காலம். இன்று தாமதமானால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். தாமதத்தைத் தாங்கக்கூடியவர் பேச்சுவார்த்தைக்கு நிதானமாக வருவார், காபி குடிப்பார், அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்வார். தாங்க முடியாதவர் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவருவார். நைலில் 2011 வரை தாமதம் எகிப்துக்கு லாபம். அதற்குப் பிறகு அதே தாமதம் எத்தியோப்பியாவுக்கு லாபம். மேலே கீழே என்ற இடம் மாறவில்லை. யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான் மாறியது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் வயலில் பார்த்தேன். எங்கள் வயல் சானலின் கடைவரம்பில். அணை திறந்து முதல் தண்ணீர் மேல்பக்க ஏலாக்களில் (வயல்வெளிகளில்) பாய்ந்து, அவர்கள் தொளி அடித்து, நாற்று நட்டு முடித்த பிறகுதான் எங்களுக்கு வரும். சில ராத்திரிகளில் மேலே வாழைத்தண்டும் மண் நிறைத்த சாக்கும் போட்டுத் தண்ணீரை மறித்துவிடுவார்கள். அப்பா டார்ச் லைட்டோடு கரையில் நடந்துபோய் எடுத்துவிட்டு வருவார். சண்டை போடமாட்டார். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு நாளைக்கு நட்டாலும் விளையும். எனக்கு இன்னைக்கு நடணும்" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே சானல், ஒரே உரிமை. பேசும்போது குரல் மட்டும் வேறு. கடைசியில் அந்த வயல் வாழைத்தோட்டமானது. தண்ணீர் முறை கேட்க வேண்டிய தேவை அத்தோடு போயிற்று.

வங்கதேசத்தின் கதை அப்பாவின் கதைதான். கல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலை அரித்துக்கொண்டுபோக கங்கையின் கிளையான ஹூக்ளியில் நீரோட்டம் வேண்டும் என்று கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணை கட்டினோம். எல்லைக்கு இந்தப் பக்கம், 20 கிலோமீட்டர்கூட இல்லை. வினாடிக்கு 40,000 கன அடி திருப்பும் கால்வாய். 1975 ஏப்ரலில் சோதனையாக 41 நாட்களுக்கு மட்டும் என்று வங்கதேசத்தின் சம்மதத்தோடு திறந்தது. ஆகஸ்டில் வங்கதேச அதிபர் முஜிபுர் ரகுமான் கொல்லப்பட்டார். மறுவருடம் உடன்பாடு இல்லாமலேயே தண்ணீர் திரும்பியது. 1976 மே 16ஆம் தேதி வங்கதேசத்தின் முதிய அரசியல் தலைவர் மௌலானா பாஷானி பெருங்கூட்டத்தோடு ஃபராக்காவை நோக்கி நடைப்பயணம் போனார். வங்கதேசம் ஐ.நா. வரை போனது. 1977இல் ஐந்தாண்டு உடன்பாடு வந்தது.

அந்த உடன்பாட்டில் ஒரு நல்ல பிரிவு இருந்தது. ஆற்றில் எவ்வளவு குறைந்தாலும் வங்கதேசத்துக்கு எழுதிய பங்கில் 80 சதவீதம் குறையாது என்ற உத்தரவாதம். 1996 டிசம்பர் 12ஆம் தேதி தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட முப்பதாண்டு ஒப்பந்தத்தில் அது இல்லை. இதில் ஜனவரி முதல் மே வரை பத்து நாளைக்கு ஒரு கணக்கு. ஃபராக்காவுக்கு வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே வந்தால் பாதிப் பாதி. அதற்கு மேல் 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. 75,000 தாண்டினால் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை ஒரு பத்து நாள் வங்கதேசத்துக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் நமக்கு 35,000 உறுதி. நம் ஊர் முறைப்பாசனமே தான். 50,000க்குக் கீழே போனால்? இரு அரசுகளும் உடனே கலந்துபேசும் என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு தருவது என்று அந்த இடத்தில் எண் இல்லை.

ஓர் ஆற்று ஒப்பந்தம் கையில் கிடைத்தால் முதலில் வறட்சிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் நிறைய இருக்கும் நாளுக்கு ஒப்பந்தமே தேவையில்லை. குறைந்த நாளில் எண் இருக்கிறதா, பேச்சு மட்டும் இருக்கிறதா என்பதில் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, இந்தப் பங்கெல்லாம் ஃபராக்காவுக்கு வந்துசேர்ந்த தண்ணீருக்குத்தான். அதற்கு மேலே உத்தரப் பிரதேசமும் பீகாரும் எடுத்துக்கொள்வது இந்தக் கணக்கிலேயே வராது. முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது.

டீஸ்டா ஆற்றில் அப்படி ஓர் ஒப்பந்தம்கூட இல்லை. மேற்கு வங்கத்தில் கஜல்டோபாவில் ஒரு தடுப்பணை, கீழே வங்கதேசத்தில் டாலியாவில் ஒரு தடுப்பணை. இரண்டும் ஒரே தண்ணீரை நம்பிக் கட்டியவை. 1983இல் நமக்கு 39 சதவீதம், அவர்களுக்கு 36, மீதி 25 பிறகு பார்ப்போம் என்று ஒரு தற்காலிக ஏற்பாடு. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போகும்போது ஒப்பந்தம் தயாராக இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஒத்துக்கொள்ளாததால் நின்றுபோனது. வட வங்கத்து விவசாயிகளின் பயமும் உண்மையான பயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளும் டாலியாவுக்குக் கீழே இருப்பவர் கோடையில் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமதம் அவர் தலையில்தான் இறங்கியது.

நம் நாடு எல்லா இடத்திலும் மேலே இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். பிரம்மபுத்திராவில் நாம் கீழே. திபெத்தில் யார்லுங் சாங்போ பெரிய வளைவு எடுக்கும் இடத்தில் 60,000 மெகாவாட் அளவுக்கு மின்திட்ட வேலையைச் சீனா 2025 ஜூலையில் தொடங்கியது. அங்கே நாம் கேட்பதெல்லாம் வங்கதேசம் நம்மிடம் கேட்பதுதான்: முன்கூட்டிச் சொல்லுங்கள், அளவுகளைக் கொடுங்கள், திடீரென்று திறக்காதீர்கள். வெள்ளக்கால நீர்மட்டத் தகவல் தர 2002இலிருந்து சீனாவோடு ஓர் உடன்பாடு இருந்தது. 2017இல், டோக்லாமில் இரு படைகளும் நேருக்கு நேர் நின்ற அந்த மழைக்காலத்தில், அந்தத் தகவல் வரவில்லை.

தகவல் என்றால் சாதாரணமாக இருக்கிறதா? நமக்கு அதன் அருமை தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி, எவ்வளவு வரத்து, எவ்வளவு வெளியேற்றம் என்று தினமும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. டீக்கடையில் அதைப் பார்த்துத்தான் "இந்த வருஷம் கும்பப்பூ நெல் தேறும்" என்று பேசுகிறோம். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்தால் குழித்துறையில் ஆற்றில் குளிக்கப் போகாதீர்கள் என்று முன்னாடியே எச்சரிக்கை வருகிறது. மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாமல் கீழே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஆற்றங்கரையில் உட்காரவைப்பது மாதிரிதான். அணை கட்டாமல், ஒரு சொட்டும் மறிக்காமல், தகவலை நிறுத்தியே ஒரு நாடு தன் பலத்தைக் காட்ட முடியும்.

சர்வதேசச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1997இல் ஐ.நா. பொதுச்சபை ஒரு நீர்வழி உடன்படிக்கையை ஏற்றது. ஆற்றை நியாயமாகப் பயன்படுத்த வேண்டும், அடுத்தவருக்குக் கணிசமான கேடு செய்யக்கூடாது, திட்டம் போட்டால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது. நல்ல வரிகள். எதிர்த்து ஓட்டுப்போட்டவை சீனா, துருக்கி, புருண்டி. மூன்றுமே மேல்பக்க நாடுகள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஓட்டுப்போடாமல் ஒதுங்கின. நடைமுறைக்கு வரவே 2014 ஆனது. நெய்யாற்றுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது மாதிரி டீஸ்டாவுக்காக வங்கதேசம் போக ஒரு கதவு இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் வழக்கே.

துருக்கி 1990 ஜனவரியில் அட்டாடுர்க் அணையை நிரப்ப யூப்ரடீஸை ஒரு மாதம் நிறுத்தியது. சிரியாவும் ஈராக்கும் கத்தின, அவ்வளவுதான்.

நல்லபடியாக நடந்ததே இல்லையா என்றால், உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றை மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972இல் ஓர் அமைப்பாகச் சேர்ந்து நிர்வகிக்கத் தொடங்கின. மாலியில் இருக்கும் மனந்தாலி அணை மூன்று நாட்டுக்கும் பொதுச்சொத்து. கடனும் பொது, மின்சாரமும் பொது. ஷட்டர் மாலியின் மண்ணில் இருந்தாலும் மாலியுடையது மட்டும் இல்லை. வட அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றில் மேலே இருக்கும் கனடா அணை கட்டி வெள்ளத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் கீழே அமெரிக்காவில் கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரத்தில் பாதி கனடாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். 1964இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. தண்ணீரைப் பங்கிடாமல் தண்ணீரால் வரும் பலனைப் பங்கிட்டார்கள். இரண்டிலும் தாமதமானால் எல்லோருக்கும் நஷ்டம். அதனால்தான் உட்கார்ந்து முடித்தார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நாடு, நாடு என்று பேசும்போது நாட்டுக்குள் இருக்கும் கடைவரம்பு மறைந்துபோகிறது. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா என்கிறோம். ஆனால் சிந்து மாகாணத்து விவசாயியின் பழைய குறை பாகிஸ்தானின் பஞ்சாப் மேல். மாகாணங்களுக்குள் தண்ணீர் பங்கிட 1991இல் தனி உடன்பாடே போட வேண்டி வந்தது. அப்படியும் கோட்ரி தடுப்பணைக்குக் கீழே வறண்ட மாதங்களில் ஆறு மெலிந்து, கடல் உள்ளே ஏறி, சிந்து டெல்டாவின் வயல்களை உப்பு தின்றிருக்கிறது. அந்த மீனவரிடமும் விவசாயியிடமும் 1960இல் யாரும் எதையும் கேட்கவில்லை. கடலுக்குப் போகும் தண்ணீரை வீண் என்று சொல்பவர்கள் தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் வலை போடுபவரிடம் ஒரு நாள் பேசிப்பார்க்கட்டும்.

நாமும் எல்லா இடத்திலும் பாதிக்கப்பட்டவர் இல்லை. முல்லைப்பெரியாற்றில் 1886 குத்தகையின் பலன் நமக்கு வருகிறது. அந்த அணைக்குக் கீழே குடியிருப்பவருக்குப் பயம் இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு உடன்பாட்டின்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு நாம் விட வேண்டும். அங்கே ஷட்டர் நம் கையில், காத்திருப்பவர் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயி. ஆழியாற்றில் நாம் பேசும் நியாயத்தையே நெய்யாற்றிலும் பேச முடிகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில். மேலே இருப்பவர் வைத்ததே சட்டம் இல்லை. மேலே இருந்து, ஷட்டரும் கட்டி, காசும் வைத்து, காத்திருக்கவும் முடிந்தவர் வைத்தது பல நேரம் சட்டமாகிவிடுகிறது. ஒப்பந்தம் எதற்கென்றால், அவருடைய காத்திருப்புக்கு ஒரு விலை வைக்க. தேதி, அளவு, அளக்கும் ஆள் மூன்றும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை மீறினால் மீறியது என்று உலகத்துக்குத் தெரியும். எழுதாவிட்டால் அதுவும் தெரியாது.

நெய்யாற்றில் தண்ணீர் வருமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். வர வழி இருக்கிறது, ஏனென்றால் இங்கே நீதிமன்றம் என்ற கதவு இருக்கிறது. எனக்கு இருக்கும் கவலை வேறு. 9,200 ஏக்கர் என்று வழக்கில் சொல்லும் அந்த நிலத்தில் நெல் போடுபவர் ஒவ்வொரு வருடமும் குறைகிறார். தண்ணீர் வராததால் வாழை வைத்தார்கள், ரப்பர் வைத்தார்கள், சிலர் மனையாக விற்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அப்பாவின் வயலுக்கு நடந்தது அந்தச் சானல் முழுக்க நடந்தால், தீர்ப்பு வரும் நாளில் தண்ணீர் கேட்க ஆள் இருக்காது. கல்லூரியில் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டியிருந்தால் இதையே எடுங்கள். உங்கள் ஊர் கிளைச் சானலின் கரையில் நடந்து, எந்தெந்தச் சர்வே எண்ணில் இன்னும் ஏலா வயலாகவே கிடக்கிறது, எங்கே சானல் தூர்ந்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். பழைய தண்ணீர் முறை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.